ஈ.ஈ.ஜி. எடுக்கப் போகிறீர்களா? இப்படிப் போங்கள்!

டாக்டர் ஈ.ஈ.ஜி. எழுதிக் கொடுத்துவிட்டாரா? பயப்படாதீர்கள். எல்லாரும் செய்வதை நீங்களும் ஒழுங்காகச் செய்தால் போதும்.

1. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருப்பார்கள். குளியுங்கள். பிறகு, "பரட்டைத் தலையோடயா வெளியே போவாங்க?" என்று அம்மா கேட்டதும் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவுங்கள். மூளையின் மின் அலை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் வெளியே வரும். ஒரு மைக்ரோவோல்ட் என்றால் வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதைப் பிடிக்க மண்டையில் ஒட்டும் 21 ஒயர்களும் கொஞ்சம் வழுக்கி விளையாடட்டுமே.

2. ராத்திரி கண் விழிக்கச் சொன்னார்களா? தூக்கம் கெட்டால் வலிப்பு அலைகள் தலைகாட்ட வாய்ப்பு அதிகம், அதற்காகத்தான். நீங்கள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுங்கள். துணைக்கு வரும் மாமா விழித்திருப்பார்.

3. வலிப்பு மாத்திரையை நீங்களாகவே நிறுத்துங்கள். கேட்டால் "வழக்கம்போலப் போடுங்க" என்று டாக்டர் சொல்லிவிடக்கூடும். கேட்காதீர்கள்.

4. டேப்பால் மண்டையை அளந்து புள்ளி வைக்கும் டெக்னீஷியனிடம், "ஷாக் எத்தனை தடவை வைப்பீங்கம்மா?" என்று விசாரியுங்கள். ஹான்ஸ் பெர்கர் 1924இல் ஜெர்மனியில் மனித மூளையின் அலையை முதன்முதலாகப் பதிவு செய்த காலந்தொட்டு, இந்தக் கருவி பதிவு மட்டுமே செய்கிறது; உள்ளே எதையும் அனுப்புவதில்லை. இருக்கட்டும். பெர்கரா பெரியவர், நீங்கள் பார்த்த சினிமாவா?

5. கண்ணை மூடச் சொல்வார்கள். மூடினால் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள் அழகாக ஓடும். ஓடவிடாதீர்கள். ஒற்றைக் கண்ணைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். இமையைப் படபடவென்று அடியுங்கள். கடைவாயில் பாக்கு இருந்தால் விசேஷம்: ஒவ்வொரு கடிக்கும் தாடைத் தசை பட்டை பட்டையாகத் திரையை நிரப்பிவிடும், அடியில் மூளை இருக்கிற இடமே தெரியாது.

6. மூன்று நிமிடம் வேகமாக மூச்சை இழுத்து விடச் சொன்னால், நாலு மூச்சில் "போதுமா?" என்று கேளுங்கள். ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மூச்சு விடாதீர்கள், அதைப் பற்றி.

7. இதுதான் முக்கியம். வலிப்பு வந்தபோது பக்கத்தில் இருந்த மனைவியை வீட்டில் விட்டுவிடுங்கள். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் என்றெல்லாம் அவர் சொல்லிவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் எடுத்த வீடியோவையும் அழித்துவிடுங்கள், மானம் முக்கியம். பதிலாக, அன்று ஊரிலேயே இல்லாத பெரியப்பாவை அழைத்துப் போங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணித்தது யார் என்பது வரை விவரமாகச் சொல்வார்.

8. ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றிருந்தால் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு லட்டு வாங்குங்கள். வலிப்பு உள்ளவருக்கும் அந்த அரை மணி நேரப் பதிவு சுத்தமாக வரலாம் என்று டாக்டர் ஆரம்பிப்பார். அதற்குள் நீங்கள் பஸ் ஏறியிருக்க வேண்டும்.