வெரி வெரி சார்

எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார். பேங்கிலோ ரயில்வேயிலோ இருந்து ரிட்டையர் ஆனவர். அசோசியேஷன் செயலாளர் பதவியை 'எனக்கு எதுக்கு சார்' என்று சொல்லிக்கொண்டே கைநீட்டி வாங்கியவர். அவருடைய ஆங்கிலத்தில் எந்த உரிச்சொல்லும் துணையில்லாமல் வாசற்படி தாண்டாது. முன்னால் ஒரு 'வெரி' போகும், பெரும்பாலும் இரண்டு. தண்ணீர் லாரி வந்தால் 'வெரி வெரி ஹேப்பி'. லிஃப்ட் நின்றுபோனால் 'வெரி வெரி சேட்'. பி பிளாக் பெரியவர் காலமானபோதும் அதே 'வெரி வெரி சேட்'தான் வாட்ஸ்அப்பில் வந்தது. லிஃப்ட்டுக்குக் கொடுத்ததைவிட ஒரு 'வெரி'யாவது அவருக்குக் கூடப் போட்டிருக்கலாம்.

'ரொம்ப ரொம்ப' என்று அடுக்கிப் பழகிய வாய், ஆங்கிலத்துக்குப் போனாலும் அடுக்கத்தான் செய்யும். அதில் ஆபத்தில்லை. 'டூ'தான் வம்பு. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பையனின் அப்பாவிடம், "யுவர் சன் இஸ் டூ இன்டெலிஜென்ட்" என்பார். லண்டன்காரர் காதில் அது, 'உங்கள் பையனுக்கு இவ்வளவு மூளை ஆகாது' என்று விழும். இங்கே காபி கிடைக்கும்.

அதற்காக ஆங்கிலேயர் ஒன்றும் மூக்கைச் சுளிக்க வேண்டாம். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் எதற்கெடுத்தாலும் 'வாஸ்ட்லி' போடுவதை 1754-ல் 'தி வேர்ல்ட்' என்ற லண்டன் பத்திரிகையில் செஸ்டர்ஃபீல்டு பிரபு கிண்டலடித்திருக்கிறார். குட்டியூண்டு தங்கப் பொடி டப்பா ஒன்றைப் பார்த்த ஒரு சீமாட்டி, அது பிரம்மாண்டமாகச் சிறியது, ஆகவே பிரம்மாண்டமாக அழகு என்றாராம். நம் சாருக்கு இவர் முப்பாட்டி முறை.

சாரின் மகளுக்கோ 'வெரி' என்றாலே அலர்ஜி. ஐ.டி. கம்பெனி வேலை, 'ரியலி', 'சோ', 'சூப்பர்' எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. இங்கிலாந்தின் யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து 2003-ல் வெளியான கட்டுரை ஒன்றும் இந்த வீட்டுச் சண்டையைத்தான் சொல்கிறது: முதியவர் பக்கம் 'வெரி', இளையவர் பக்கம் 'ரியலி'. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் வசனங்களை ஆராய்ந்த 2005-ம் ஆண்டுக் கட்டுரையிலோ இரண்டையும் 'சோ' முந்திவிட்டது.

மகள் ஒருநாள் பாடம் எடுத்தாள். "அப்பா, கோல்டுக்கு வெரி போடலாம். ஃப்ரீஸிங் ஏற்கெனவே உச்சத்துல இருக்கற வார்த்தை. அதுக்கு அப்சல்யூட்லிதான் சேரும்."

விபரீதம் அங்கே ஆரம்பித்தது. புதுச் சொல்லைப் புழங்குவதற்காகவே சார் உச்சங்களைத் தேடிப் போனார். சென்னை மார்கழியில், இருபத்திரண்டு டிகிரியில், குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக மொட்டைமாடியில் நின்று, "அப்சல்யூட்லி ஃப்ரீஸிங்" என்றார். வாட்ச்மேன் அரைக்கைச் சட்டையோடு தலையாட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் ஆபீசிலிருந்து ஓர் ஆங்கிலேயர் சாப்பிட வந்தார். வடை, பாயசம், இரண்டு கூட்டு. சாப்பிட்டுக்கொண்டே, "க்வைட் நைஸ்" என்றார். அமெரிக்கர் சொல்லியிருந்தால் அது நல்ல பாராட்டு. ஆங்கிலேயர் வாயில் பெரும்பாலும் 'பரவாயில்லை' ரகம். மகளுக்கு முகம் சுண்டியது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் விருந்தாளியின் கை நாலாவது வடைக்கு நீண்டது. வாயை மூடிக்கொண்டாள்.

சார் அதற்குள் அசோசியேஷன் குரூப்பில் போட்டுவிட்டார்: 'ஃபாரின் கெஸ்ட் சேஸ், அவர் வடை இஸ் வெரி வெரி க்வைட் நைஸ்.'