மறைபெட்டி மகாத்மியம்: அனந்தபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, ஒளித்த இடத்தை அட்சரேகை தீர்க்கரேகையோடு ஊர் உலகத்துக்கெல்லாம் அறிவிக்கும் வழக்கத்துக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒளிப்பவன் சொல்வானா, சொல்பவன் ஒளிப்பானா என்று கேட்கும் வாசகர் நியாயவான்தான். ஆனால் ஆராய்ச்சிக்கு உதவமாட்டார். அவர் இத்துடன் நிறுத்திக்கொண்டு அடுத்த பக்கத்துச் சிறுகதைக்குப் போய்விடலாம்.

வரலாறு சுருக்கமானது. விண்ணிலிருந்து வரும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. பொதுமக்கள் கையில் இருந்த கருவி நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். 2000 மே 1 நள்ளிரவோடு அந்தக் கலப்படத்தை நிறுத்தச் சொன்னார் அதிபர் கிளின்டன். மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு காட்டோரமாகப் பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்தார். அதில் சில புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், டின்னில் அடைத்த பீன்ஸ் ஆகியவற்றைப் போட்டு, இருப்பிடத்தை இணையத்தில் எழுதிவிட்டார். ஒரு வல்லரசு கோடி கோடியாகக் கொட்டி ஏவிய துணைக்கோள்களால் ஆகக்கூடிய காரியம் பீன்ஸ் டின்னைத் தேடுவதே என்று மனிதகுலம் இரண்டு நாளில் கண்டுகொண்டது. (இங்கிலாந்துக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள். டார்ட்மூர் சதுப்பில் 1854-லேயே ஒருவர் புட்டியை வைத்து, வருகிறவர்களை விசிட்டிங் கார்டு போட்டுவிட்டுப் போகச் சொன்னார் என்பார்கள். முன்னுரிமை வழக்கு நிலுவையில் இருக்கட்டும்.)

இன்று உலகில் இத்தகைய பெட்டிகள் 30 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. விதி எளிது. பெட்டியைக் கண்டுபிடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுது, ஒரு பொருளை எடுத்தால் அதற்கு ஈடான ஒன்றை வை, இருந்தபடியே மூடிவிட்டுப் போ. இவற்றுள் ஆள் வரவு மிகுந்த பெட்டி எது, வரவு மிகுவதற்குக் காரணம் என்ன என்பதே இவ்வாய்வின் பொருள்.

உள்ளிருக்கும் பொருளின் சிறப்பால் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? பெட்டிகளில் பெரும்பாலும் கிடப்பவை சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பொம்மை, வெளிநாட்டுச் சில்லறை. ஒளித்த திறமையால் எனின், அதுவும் பொருந்தாது. திறமையாக ஒளித்த பெட்டி ஒருவருக்கும் அகப்படாது. அகப்படாத பெட்டியின் நோட்டில் கையெழுத்து எங்கிருந்து வரும்? பிறகு எதனால் எனின், சான்றுகளைப் பார்ப்போம். மிக அதிகம் பேர் கண்டுபிடித்த பெட்டிகளுள் ஒன்று, இந்த விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் சியாட்டில் தலைமையலுவலக வரவேற்பறையில் இருக்கிறது. தேடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. கதவைத் திறந்தால் தெரியும். இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பழைய பெட்டி கான்சாஸ் மாநிலத்தில் மிங்கோ என்னுமிடத்தில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இருக்கிறது. பிராக், லண்டன், பாரிஸ் நகரங்களில் சுற்றுலாப் பயணிகள் தோளோடு தோள் இடிக்கும் சதுக்கங்களில் பெட்டியே இல்லாத பெட்டிகள் உண்டு. அங்குள்ள சிலையையோ கல்வெட்டையோ பார்த்து ஒரு கேள்விக்குப் பதில் எழுதினால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, உல்மரின் வாளி எப்போதோ சிதைந்துபோயிற்று. இருந்த இடத்தில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறார்கள். இல்லாத வாளியைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

ஆக, எப்படியும் போகிற இடத்தில் இருப்பதே வரவுக்கு முதற்காரணம். அங்கே கைக்கு ஒன்றும் கிடைக்காமலிருப்பது இரண்டாவது. மேல்நாட்டு அறிஞர்கள் முதற்காரணத்தோடு நின்றுவிட்டார்கள். இரண்டாவதை நிறுவ வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்கு வந்தாக வேண்டும்.

அதற்கு முன் ஒரு தடையை விடுவிக்க வேண்டும். நம் நாட்டில் பிளாஸ்டிக் பெட்டி வகை தழைக்கவில்லை. காரணங்கள் இரண்டு. இறுக்கி மூடக்கூடிய நல்ல டப்பா ஒன்று பொது இடத்தில் கிடந்தால், மறுநாளே அது யாரோ ஒருவர் வீட்டு அடுக்களையில் மிளகாய்த்தூளோடு இருக்கும்; இது குற்றமாகாது, சிக்கனம். யாரும் எடுக்காவிட்டால் இன்னும் மோசம். கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்று தம்பானூர் ரயில் நிலையம் மூன்று மொழியில் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மேல்நாடும் இதற்கு விலக்கல்ல. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில் ஒருவர் ஒளித்த பெட்டியை வெடிகுண்டென்று நினைத்து ராணுவ நிபுணர்கள் வந்து தகர்த்தார்கள்.

அதே 2011 ஜூலையில் உலகப் பத்திரிகைகளெல்லாம் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு வந்து இறங்கியிருந்தன. உச்ச நீதிமன்ற ஆணைப்படி ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுக்கும் வேலை ஜூன் இறுதியில் தொடங்கியிருந்தது. அறைகளுக்கு ஏ முதல் எஃப் வரை பெயரிட்டார்கள். ஜி, எச் பிறகு சேர்ந்தன. சி முதல் எஃப் வரையிலானவை பூசைக்கும் திருவிழாவுக்கும் வழக்கமாகத் திறக்கப்படுபவை. ஏ அறையைத் திறந்தார்கள். பதினெட்டடிச் சங்கிலி, பொற்காசுக் குவியல் என்று செய்தி வந்தது. ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று பத்திரிகைகளே ஒரு மதிப்புப் போட்டன. பி அறைக்குப் போனார்கள். கிராதியைத் திறந்தால் மரக்கதவு. மரக்கதவைத் திறந்தால் இரும்புக் கதவு, அது இறுகிக் கிடந்தது. பூட்டுத் திறப்பவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வருவதற்குள் தடையுத்தரவு வந்துவிட்டது. தெய்வ சித்தம் அறிய ஆகஸ்டில் நடந்த தேவபிரசன்னமும் திறக்க வேண்டாம் என்றது.

இங்கேதான் இயற்கையே நமக்கொரு சோதனைச்சாலையை அமைத்துக் கொடுத்திருக்கிறது. ஒரே கோயில், ஒரே ஆண்டு, பக்கத்துப் பக்கத்து அறைகள். ஒன்று திறந்தது, ஒன்று திறக்கவில்லை. ஒரு லட்சம் கோடி இருப்பதாகச் சொல்லப்பட்ட ஏ அறையைப் பற்றி இன்று யார் பேசுகிறார்? வெளியூரிலிருந்து வருகிறவர் பத்மதீர்த்தக் குளத்தருகே வேனை விட்டு இறங்கியதும், “சேட்டா, அந்த பி ரூம் எந்தப் பக்கம்?” என்றுதான் கேட்கிறார். “அதொந்நும் காணான் பற்றில்லா” என்று பதில் வருகிறது. கேட்டவர் முகத்தில் ஏமாற்றம் இருப்பதில்லை. காணமுடியாததைக் காண முடியவில்லை என்பதை நேரில் வந்து உறுதிசெய்துகொண்ட நிறைவு இருக்கிறது. கண்டுபிடித்தல் என்ற சொல்லுக்கு இனி இந்தப் பொருளையும் சேர்க்க வேண்டும்.

எதிர்த்தரப்பார் ஒரு சங்கடமான ஆவணத்தை நீட்டக்கூடும். கோயில் கணக்குகளைத் தணிக்கை செய்த முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி வினோத் ராய், பி அறை 1990-ல் இருமுறையும் 2002-ல் ஐந்து முறையும் திறக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினார். திறந்தது முன்னறையைத்தான், உள்ளறையை அல்ல என்பது திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தரப்பு. இவ்வளவு ஆன பிறகும், பாம்பு பொறித்த கதவு, மந்திரத்தால் மட்டும் திறக்கும் பூட்டு என்று யூடியூப் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. தணிக்கை அறிக்கைக்கு இசையமைப்பாளர் கிடையாதே. பாம்புக் கதைக்கு மூலம் தேடுவோர் எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் 1933-ல் வெளியிட்ட திருவிதாங்கூர் வழிகாட்டி நூலைப் பார்க்கலாம். அதற்குச் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன் அரசுக்குப் பணமுடை வந்தபோது சிலர் பந்தங்களோடு நிலவறைக்குள் நுழைந்தார்களாம். நாகங்களைக் கண்டு உயிர் தப்ப ஓடிவந்தார்களாம். இதை விளையாட்டின் வழக்கப்படி ‘தேடினோம், கிடைக்கவில்லை’ என்று பதிய வேண்டும். ஓடியவர்கள் நோட்டில் கையெழுத்திடவில்லை.

நோட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஒரு பெட்டிக்கு நோட்டே உயிர். பத்மநாபசுவாமி கோயிலின் வரவு, செலவு, தானம், கட்டளை எல்லாம் எழுதிய மதிலகம் ஓலைகள் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சுருணைகள். மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் நாட்டையே பெருமாளுக்கு எழுதிவைத்த திருப்படிதானம் வரை இதில் சேர்த்தி. ஒன்றை எடுத்தால் ஒன்றை வை என்பது ஆரிகன் வாளியின் விதி. இங்கே தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். எடுத்தது யார், எவ்வளவு என்ற ஆராய்ச்சி நீதிமன்றத்துக்கு உரியது. நாம் அந்தப் பக்கம் போகவில்லை.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கையில் ஜிபிஎஸ் இல்லாமல் இந்த விளையாட்டே கிடையாது. இந்தியா தனக்கென்று வழிகாட்டும் துணைக்கோள் வரிசை அமைத்தபோது, 2013-ல் முதலாவதைத் தூக்கிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை உருவாக்கியது இந்த ஊர்தான். 1963 நவம்பர் 21 அன்று தும்பா கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய நாளிலிருந்தே இது இங்கே குடிசைத்தொழில். அந்த ஊரின் பெரிய கோயிலில் செல்போனை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். ஆண்கள் சட்டையையும் கழற்றிவிட்டு வேட்டியோடு போகிறார்கள். ஒளித்து எடுத்துப்போகப் பையும் கிடையாது. உள்ளே போனாலும் தரிசனம் மூன்று கட்டம். முதல் வாசலில் திருமுகம், இரண்டாவதில் உந்திக்கமலம், மூன்றாவதில் திருவடி. ஒன்றைக் கண்டால்தான் அடுத்ததற்குப் போகமுடியும் என்கிற பலகட்டப் பெட்டியை அமெரிக்கர் கண்டுபிடித்ததாக அமெரிக்கர் எழுதிவருகிறார்கள்.

எண்ணிக்கை வெறியும் நமக்குப் புதிதல்ல. நான் ஆயிரம் பெட்டி கண்டவன், அவன் பதினாயிரம் கண்டவன் என்று அங்கே பெருமை பேசுவதை, திருநெல்வேலியிலிருந்து மலைநாட்டு யாத்திரை பஸ்ஸில் வந்து இறங்கும் மாமாக்கள் சிரிப்போடு கேட்பார்கள். திவ்யதேசம் 108. மலைநாட்டுக் கணக்கு 13; அதில் அனந்தபுரம் ஒன்று. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், “உங்களுக்கு எத்தனை ஆச்சு?” என்று கேட்கும் தொனியில் பக்தி பாதி, போட்டி பாதி. முக்திநாத் வரை போய் 106 முடித்தவரை மற்றவர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்க்கிறார்கள். பாக்கி இரண்டு, திருப்பாற்கடலும் பரமபதமும், இந்த உடம்போடு போக முடியாதவை. ஜியோகேச்சிங்கில் கடினம் ஐந்து, பாதை ஐந்து என்பது உச்ச மதிப்பெண். 2008-ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில்கூட ஒரு பெட்டியைப் பதிந்தார்கள். ஆனாலும் அங்கிருந்து திரும்பி வர ஒரு வழி இருக்கிறது.

கூட்டமாகக் கூடுவதையும் அவர்கள் ஒரு பெட்டி வகையாக எண்ணுவார்கள். ஐயாயிரம் பேர் சேர்ந்தால் அதுவே மிக உயர்ந்த நிலை. 2009-ல் கின்னஸ் கணக்குப்படி இதே ஊரின் ஆற்றுகால் பொங்கலுக்கு வந்தவர்கள் 25 லட்சம். வந்த இடத்தில் குப்பையையும் பொறுக்கிவிட்டுப் போவது பெட்டி தேடுவோரிடையே உயர்ந்த ஒழுக்கம். இங்கே பொங்கல் அடுப்புச் செங்கற்களை மாநகராட்சி திரட்டி ஏழைகள் வீடு கட்டக் கொடுக்கிறது. விமான நிலையத்துக்கருகே பெட்டி வைக்கக்கூடாது என்பது இன்னொரு விதி. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபர் ஆறாட்டுக்குச் சங்குமுகம் கடற்கரைக்குப் புறப்படும்போது விமான நிலையத்தின் ஓடுபாதை வழியாகவே போகிறார். அத்தனை மணி நேரமும் விமானங்கள் காத்திருக்கின்றன. விதியை எழுதியவர்கள் இந்த நிலைமையை எதிர்பார்த்திருக்க வழியில்லை.

வரவு குறைந்தும் மதிப்பு மிகுந்த இடங்களைக் குறிக்காமல் விட்டால் ஆய்வு ஒருதலையாகிவிடும். கண்டவர்களில் எத்தனை பேர் மெச்சினார்கள் என்று நூற்றுக்கு இவ்வளவு என ஒரு கணக்கு அந்த விளையாட்டில் உண்டு. கவுடியாரில் எழுத்தாளர் நகுலன் இருந்த வீட்டைத் தேடிப் போன தமிழ் வாசகர்கள் சொற்பம். போனவர்களில் அதைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதாதவர் அதைவிடச் சொற்பம். சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்துகொண்டே கதை எழுதிய ஆ. மாதவனைத் தேடி வந்தவர்களுக்கு அந்தத் தெருவே குறிப்பு. கதைகளில் படித்த மூட்டைகளையும் சந்துகளையும் கடந்துதான் கடைக்கு வந்து சேர வேண்டும். இப்போது இருவரும் இல்லை. உல்மரின் வாளியைப் போலவே, இல்லாத பிறகும் போகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டயம்தான் இல்லை.

இனி நடைமுறை. பி நிலவறையை முறைப்படி பதிவு செய்ய விண்ணப்பம் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது ஆய்வாளன் கடமை. அளவு என்ற கட்டத்தில் விரல்நுனிப் புட்டி முதல் ‘பெரியது’ வரை வரிசையுண்டு. இருபது லிட்டரைத் தாண்டினால் எல்லாம் பெரியது. ஆகவே திருவிதாங்கூர்ப் பொக்கிஷமும் உல்மர் வாளியும் ஒரே வகுப்பு. குறிப்பு என்ற கட்டத்தில் எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி மறைத்து எழுத வேண்டும். தேவபிரசன்னத்தை அப்படியே இடலாம், யாரும் தள்ள வேண்டியதில்லை. உரிமையாளர் என்ற இடத்தில் சிக்கல். இந்தியச் சட்டப்படி தெய்வம் என்றென்றும் வயது வராதவர். வயது வராதவர் சேர வேண்டுமானால் காப்பாளர் சம்மதம் வேண்டும். நல்லவேளையாக 2020 ஜூலை 13 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்தின் ஷெபைத் உரிமையை, அதாவது தெய்வத்தின் காப்பாளர் என்ற உரிமையை, உறுதிசெய்து, பி அறையைத் திறப்பதா என்பதைக் கோயில் குழுக்களின் முடிவுக்கு விட்டுவிட்டது. ஆகவே கையெழுத்துக்கு ஆள் உண்டு. நிலை என்ற கட்டத்தில் ‘தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, 2011 முதல்’ என்றெழுதலாம்.

விண்ணப்பம் தள்ளுபடியாகப்போவது இவை எதனாலும் இல்லை. ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒரே மதிலுக்குள் எட்டு அறைகள். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள விடுவார்கள். ஏ அறையில் பதினெட்டடிச் சங்கிலி இருக்கிறது, சி முதல் எஃப் வரை வழக்கமாகப் பயன்படுகின்றன என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், இதுவரை கலந்து பேசிய அத்தனை பேரும் பி அறைக்கே வாக்களிக்கிறார்கள்.