நட்சத்திரம் கேட்டா தோசை சுட்டுட்டு வந்திருக்கே!

வாய்யா பேராண்டி. ஜொகூர் பாருவிலேர்ந்து மெர்சிங் வரைக்கும் வண்டி ஓட்டி, ராத்திரி பூரா கொசுக்கடி வாங்கி எடுத்த படமா இது? காட்டு. ஓகோ! வானம் பூரா தோசை. எவ்வளவு வட்டம்! உங்க பாட்டி கல்லுல ஊத்தினாகூட இப்படி வராது.

லென்சு வளையத்துல எட்டைப் படுக்கப்போட்ட மாதிரி ஒரு குறி இருக்கே, அதுதானே உன்னைக் கெடுத்துச்சு? சூட்டுக்கும் குளிருக்கும் லென்சு கொஞ்சம் விரியும், சுருங்கும். அதுக்காகத்தான் வளையத்தை அந்தக் குறி தாண்டியும் சுத்துற மாதிரி செய்யுறான். நீ முட்டுற வரைக்கும் முறுக்கிட்டே. முடிவிலியையும் தாண்டிப் போனவன் நம்ம வம்சத்துலயே நீ ஒருத்தன்தான்.

ஆட்டோஃபோகஸ் இருட்டுல உன்னை மாதிரிதான், முன்னும் பின்னும் அலையும், ஒண்ணையும் பிடிக்காது. அணைச்சுப் போடு.

யூடியூப்ல எவனோ துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ஃபோகஸ் பண்ணச் சொன்னானாமே? மெர்சிங் நிலநடுக்கோட்டுக்கு இரண்டரை டிகிரிகூட வடக்கே இல்லை. துருவமும் அவ்வளவு உயரத்துலதான் நிக்கும். செம்பனை மட்டைக்குப் பின்னாடி போய்த் தேடு, பாம்பு வேணும்னா கிடைக்கும்.

நான் 30 வருசம் பால்மரம் வெட்டினவன். கத்தி ஒரு நூல் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், மேலாப்ல நின்னா பால் இறங்காது. நடுவுல ஒரு இடம் இருக்கு, அது கைக்குத்தான் தெரியும். உன் வளையமும் அப்படித்தான். இந்த ஆடி மாசத்துல, பொழுது சாஞ்சதும் தெற்கே செவசெவன்னு கேட்டை நிக்கும். அதைத் திரைக்குக் கொண்டா. படத்தைப் பத்து மடங்கு பெருசாக்கு. வளையத்தை மயிரிழை மயிரிழையா நகட்டு. தோசை சிறுத்து அப்பளமாகும், அப்பளம் கடுகாகும். இன்னும் நகட்டினா மறுபடி ஊதும். ஊதினதும் அதே மயிரிழை திரும்பி வா. சந்தேகமா? பக்கத்துல மங்கலா ஒரு நட்சத்திரத்தைப் பாரு. ஃபோகஸ் சரியா விழுந்தாத்தான் அது தலையை நீட்டும். பெரிய மனுசனைவிட அந்தச் சின்னப்பயதான் நல்ல சாட்சி.

கைமேல நம்பிக்கை இல்லேன்னா பாஹ்தினோவ் மூடின்னு ஒண்ணு விக்குது. பேரு அதைக் கண்டுபிடிச்ச ரஷ்யாக்காரரோடது. ஜன்னல் கம்பி மாதிரி கீறல் போட்ட தட்டு. லென்சு முன்னால வெச்சா நட்சத்திரத்துல மூணு கோடு விழும். நடுக்கோடு மத்த ரெண்டுக்கும் சரிநடுவுல வந்தா முடிஞ்சது வேலை. படம் எடுக்கிறப்போ தட்டைக் கழட்டணும். உனக்கு அதையும் சொல்லித்தானே ஆகணும்.

அப்புறம் வளையத்துல டேப் ஒட்டு. ஒட்டுறப்பவே நீ வளையத்தை நகட்டுவே, அதனால இன்னொரு தரம் பாரு. ஏர்கோன் வண்டியிலேர்ந்து இறக்கின லென்சுக்கு நம்ம கடற்கரைக் காத்துல வேர்க்கும். அதை ஃபோகஸ் தப்புன்னு நினைச்சு வளையத்தோட மல்லுக்கட்டாதே. பையிலயே அரைமணி நேரம் வெளியே வை.

ஃபோகஸ் பிடிச்ச சந்தோசத்துல ஷட்டரை ஒரு நிமிசம் திறந்து வெச்சிராதே. தோசை போய் இடியப்பம் வரும். 20 மில்லிமீட்டர் லென்சுக்கு 25 விநாடின்னு ஏட்டுக் கணக்கு. நம்ம ஊர்ல உச்சியில போற நட்சத்திரம்தான் ரொம்ப வேகமா நகரும், 15-லயே நிறுத்து.

ராத்திரி நானும் வர்றேன். டார்ச்சை என் மூஞ்சியில அடிக்காதே. இந்தப் படத்தை மட்டும் அழிச்சிராதே, காலையில பசியாற உங்க பாட்டிகிட்ட காட்டிச் சட்னி அரைக்கச் சொல்லணும்.