மேலும் பத்து சிட்டிங்

பிசியோதெரபி கிளினிக் திறக்கப்போகிறீர்களா? எலும்பு டாக்டரின் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இடம் பாருங்கள். மாடியாக இருந்தால் இன்னும் நல்லது. மூட்டுவலிக்காரர் படியேறி வந்து சேர்வதற்குள் வலி இரண்டு மடங்காகியிருக்கும். பேக்கேஜ் பேசச் சுலபம். லிஃப்ட் கேட்டு முணுமுணுத்தால், “படி ஏறுறதும் ஒரு எக்சர்சைஸ்தாங்க” என்று சொல்லிவிடலாம். உங்கள் கிளினிக்கில் அவருக்குக் கிடைக்கப்போகும் ஒரே எக்சர்சைஸ் அதுதான்.

நாலரை வருடம் பி.பி.டி. படித்து மனப்பாடம் செய்த தசை, நரம்பு எல்லாவற்றையும் மறந்துவிட்டு மெஷினில் பணத்தைப் போடுங்கள். ஐ.எஃப்.டி., டென்ஸ், அல்ட்ராசவுண்ட் என்று அதற்கு ஆயிரம் பெயர் இருக்கட்டும், ஊருக்கு எல்லாம் ஒன்றுதான்: கரண்ட் வைக்கிறது. முதுகில் நாலு பேடை ஒட்டி, டைமரைத் திருகி, திரையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஆறு முதுகுகளைப் பார்த்துக்கொள்கிற அதிசயம் வேறு எந்த வைத்தியத்தில் உண்டு?

பிரிட்டனில் நைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எந்தச் சிகிச்சை கொடுக்கலாம், எது கூடாது என்று டாக்டர்களுக்கு எழுதிக்கொடுப்பது அதன் வேலை. இடுப்புவலிக்கு அல்ட்ராசவுண்ட் கொடுக்காதே, டென்ஸ் கொடுக்காதே, ஐ.எஃப்.டி. கொடுக்காதே, இழுவை போடாதே என்று 2016இல் வரிசையாக எழுதிவைத்துவிட்டார்கள். நம்மூர் ரேட் போர்டு ஒன்றை எதிரில் மாட்டிவைத்துக்கொண்டு எழுதினார்களோ என்னவோ! அதற்குப் பதில் என்ன செய்யச் சொல்கிறார்கள்? உடற்பயிற்சியாம், வழக்கமான வேலைகளை விடாமல் செய்ய வேண்டுமாம். விவரம் கெட்டவர்கள். கற்றுக்கொண்ட மனிதர் வீட்டிலேயே செய்துவிட்டால் யாருக்கு பில் போடுவது?

ஆகவே பயமுறுத்த வேண்டும். “எல்4, எல்5ல டிஸ்க் பிதுங்கியிருக்குங்க, குனியவே கூடாது” என்று எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுங்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்து, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்ததாக 1994இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. அந்த இதழை வரவேற்பறை மேசையில் போட்டுவைக்காதீர்கள்.

அனுப்பிவைக்கிற டாக்டருக்கு மாதக் கடைசியில் கவர் போக வேண்டும். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. அதனால்தான் யாரும் அதைக் கமிஷன் என்று சொல்வதில்லை. பத்து சிட்டிங்கில் முதுகுக்கு எத்தனை, கவருக்கு எத்தனை என்று நோயாளி எப்போதாவது கணக்குக் கேட்டிருக்கிறாரா?

கொஞ்ச நேரம் கிண்டலை ஓரமாக வைக்கிறேன். சாரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்த சித்தாள் ஒருத்தி வருகிறாள். மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, கை விறைத்து நிற்கிறது. பஸ் காசு, சிட்டிங் காசு, போன கூலி எல்லாம் கடனில் ஓடுகிறது. ஆறு வாரமாகத் தினமும் அந்த முழங்கைக்குக் கரண்ட் வைத்து, வேக்ஸ் ஊற்றி அனுப்புகிறார்கள். கரண்ட் கையை மடக்காது. மடக்கப் பழக்க வேண்டும். இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். கை மடங்கினால்தான் சோறு வாய்க்கு எட்டும். நாள் போகப் போக மூட்டு இறுகிப்போகும். பணத்தைப் பிடுங்கினால்கூட எங்காவது மண் சுமந்து சம்பாதித்துக்கொள்வாள். இந்த ஆறு வாரத்தை எந்தக் கடையில் போய் வாங்குவாள்?

சொல்லித்தரத் தெரிந்த பெண் ஒருத்தி அதே கிளினிக்கில்தான் இருக்கிறாள். போன வருடம் படிப்பை முடித்தவள், சொற்பச் சம்பளம். ஒரு கட்டிலருகே கொஞ்சம் கூடுதலாக நின்றால் ஓனர் கடிகாரத்தைப் பார்ப்பார். மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளக்கிற கோனியோமீட்டர் மேசை டிராயரில் கிடக்கிறது. மெஷின்களைவிடப் பலமடங்கு மலிவு. அதை வைத்து வாடகை கட்ட முடியாது என்பதுதான் குறை.

அளப்பதில் இல்லாத அக்கறை போர்டில் உண்டு. 2025 செப்டம்பரில், பிசியோதெரபிஸ்டுகள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக் கூடாது என்று மத்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்ககம் கடிதம் எழுதியது. மறுநாளே திரும்பப் பெற்றது. டாக்டர்கள், பிசியோதெரபிஸ்டுகள் என்று இரண்டு தரப்பும் என்ன ஆவேசம் காட்டின! சித்தாளின் முழங்கைக்காக இரண்டு தரப்பிலும் யார் தொண்டை கட்டக் கத்தினார்கள்?

சரி, தொழிலுக்கு வருவோம். பத்தாவது நாள், “இன்னும் வலிக்குதே” என்பார்கள். “உள்ளுக்குள்ள செட் ஆகிட்டிருக்குங்க, மேலும் பத்து போட்டுடலாம்” என்று சொல்லுங்கள். வலி போய்விட்டது என்றாலும் பதற வேண்டாம், திரும்ப வராமலிருக்க மெயின்டனன்ஸ் பேக்கேஜ் இருக்கிறது. “வீட்லயே செய்ற மாதிரி ஏதாச்சும் சொல்லிக்கொடுங்க” என்று கேட்பவர்கள்தான் ஆபத்தானவர்கள். அவர்களுக்கென்றே ஒரு தாள் வைத்திருங்கள்: ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதற்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்தது. படத்தில் இருப்பது கையா காலா என்று கண்டுபிடிக்கவே பத்து சிட்டிங் ஆகும்.