உறைக்குள் ஒரு கத்தியும் இருக்கிறது

ஜப்பானியக் கத்தி வாங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளில் கை நமநமக்கத் தொடங்கிவிடுகிறது. கத்தி காய் நறுக்க என்பது மறந்துபோய், அதற்குத் தோலில் ஓர் உறை தைத்தே தீர வேண்டும் என்றாகிவிடுகிறது. நமக்குள் என்ன ஒளிவுமறைவு, நீங்களும் நானும் அந்தக் கூட்டம்தான். தைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூன்றரை மில்லிமீட்டர் கனத் தோலும் மெழுகு நூலும் இரண்டு ஊசிகளும் ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டால் குடும்பமே கூடி இழுத்தாலும் மீட்க முடியாது. என்னை இந்த வாரம் முழுக்க எரிச்சலூட்டிக்கொண்டிருப்பது, விற்பனைக்கு வரும் உறைகளின் தலையில் தவறாமல் ஒட்டியிருக்கும் ‘ஜப்பானிய பாணி’ என்ற சீட்டு. உண்மையில், அலகுக்கும் தையலுக்கும் நடுவே ஓரத்தில் வைக்கும் தோல் பட்டை எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று எழுதத்தான் உத்தேசம். அது இன்னொரு நாளைக்கு. முதலில் அந்த அலை.

எந்த அலை என்று சொல்ல வேண்டியதில்லை. ஹொக்குசாய் 1831 வாக்கில் வெளியிட்ட மர அச்சு ஓவியம். காலுறை, குடை, கைப்பேசி உறை என்று எல்லாக் கரையிலும் மோதிவிட்டு இப்போது கத்தி உறையில் ஒதுங்கியிருக்கிறது. மூலப்படம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் உயரம், 37 சென்டிமீட்டர் அகலம். அதாவது படுத்த படம். உறையோ ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். அந்தக் கடலை இதற்குள் இறக்க வேண்டுமானால் முதலில் மூன்று படகுகளையும் தூக்கிவிட வேண்டும். படகோட்டிகள் பிழைத்தார்கள். அடுத்து அலையை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து பீய்ச்சியடிப்பதுபோல் இருக்கும். ஃபுஜி மலை அந்த ஓவியத்தில் தூரத்தில் சிறிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஓவியமே அதற்காகத்தான், தொடரின் பெயரே அந்த மலையின் முப்பத்தாறு காட்சிகள். (மொத்தம் 46 வந்தன. கேட்கிறவர்கள் இருந்தால் நாமும் கொடுத்துக்கொண்டே இருப்போம்.) உறையில் மலைக்கு மிஞ்சுவது பித்தளைப் பட்டன் அடிக்கும் இடம் ஒன்றுதான். ஆகவே ஃபுஜியின் உச்சியில் ஒரு பட்டன். அதைத் திறப்பதை எரிமலை விழித்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம். அலை தீர்ந்த இடத்தில் கெண்டை மீன். அது எதிர்நீச்சல் போட்டு மேலே ஏற வேண்டும் என்பது மரபு என்பதால் தலையை உறையின் வாய்ப்பக்கம் வைக்கிறார்கள். கத்தியை உருவும்போதெல்லாம் மீன் கத்தியைக் கக்குகிறது. அருவி ஏறி முடித்த கெண்டை டிராகன் ஆகிவிடும் என்று கதை. அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மீனையும் அது ஆகப்போகும் டிராகனையும் பக்கத்திலேயே பதித்துவிடுகிறார்கள், செதிலுக்கு ஒரு சுத்தியல் அடியாக. மிச்சமிருந்தால் செர்ரிப்பூ. பூவும் நுழையாத மூலையில், தைத்தவருக்கும் வாங்கியவருக்கும் படிக்கத் தெரியாத ஒரு கான்ஜி எழுத்து.

சரி, ஜப்பானில் கத்தி எதற்குள் இருக்கிறது? மரத்துக்குள். ஹோ என்ற மக்னோலியா வகை மரம். மென்மையானது, பிசின் குறைவு, அலகைக் கீறாது. வாளைப் பத்திரப்படுத்தும் ஷிராசாயா என்ற உறைக்கு அரக்குப் பூச்சுகூடக் கிடையாது. இரண்டு பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருப்பார்கள், வேண்டும்போது பிளந்து உள்ளே சுத்தம் செய்வதற்கு. சமையல் கத்தியின் உறைக்கு ஒரு மர ஆணி. ஆடம்பரம் அத்தோடு சரி. தோலைத் தவிர்க்கச் சொல்வது அழகியல் அல்ல, வேதியியல். தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் டானின் இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் அது கறுக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய நமக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். குரோம் தோலில் தங்கும் உப்புகளும் எஃகுக்கு நண்பர்கள் அல்ல. போதாததற்குத் தோல் காற்றின் ஈரத்தை வேறு உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒசாகாவை அடுத்த சகாய் நகரில் அடிக்கும் கத்திகளில் பல கார்பன் எஃகு. எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தாலே நிறம் மாறிவிடும். அதை மாதக்கணக்கில் தோலுக்குள் அடைத்துவைப்பதுதான் இப்போது கலை.

சாமுராய் அலங்கார உறை வைத்திருக்கவில்லையா என்பார்கள். வைத்திருந்தார். அரக்கு, தங்கப் பொடி, வழவழவென்று தேய்த்த திருக்கைத் தோல்கூட உண்டு. வெளியூர் கிளம்பும்போது மழைக்குக் காப்பாக உறைக்கு மேலே ரோமத் தோலையும் மாட்டினார்கள். எல்லாம் வெளியே. அலகைத் தொட்டது மரம். தோலில் ஜப்பானியர் சித்திரமே செய்ததில்லையா என்றால், செய்திருக்கிறார்கள், இன்றும் செய்கிறார்கள். கோஃபு நகரின் இன்டென் வேலையில் மான்தோலின் மேல் அரக்கால் வடிவங்களைப் பதிக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போன தோல் பொருள்கள் அதற்குத் தூண்டுதல் என்று அங்கே சொல்வதுண்டு. ஆனால் அது பணப்பை, சுருக்குப்பை. முன்னால் மட்டுமே பறக்கும் என்று போர்வீரர்கள் விரும்பிய தும்பியைப் பதித்தால் பை முழுக்கத் தும்பிதான். மலையும் மீனும் டிராகனும் கூட்டணி வைப்பதில்லை. பின்லாந்துக்காரர் புக்கோ கத்தியைத் தோலுறையில்தானே இடுப்பில் தொங்கவிடுகிறார்? ஆமாம், காட்டு வேலைக்கு. விழுந்தாலும் தோல் பிளக்காது. அதன் மேல் அவர் ஃபுஜி மலையை அடிக்கவில்லை.

கடைசியாக வருவது, “இது அழகுக்குத்தானே, கத்தியை யார் எடுக்கப்போகிறார்கள்?” என்ற கேள்வி. எல்லாவற்றிலும் நேர்மையான வாதம் இதுதான், எரிச்சலும் இதில்தான் அதிகம். எடுக்காத கத்திதானே முதலில் துருப்பிடிக்கும்? அழகு மட்டும் போதுமென்றால் அலகு அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி உள்ளே செருகித் தைத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதற்கு மனம் வராதவர்கள் இன்று ராத்திரியே கத்தியை உருவி, ஈரம் போகத் துடைத்து, காமெலியா எண்ணெய் ஒரு சொட்டு தடவி (நல்லெண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும்) காகிதத்தில் சுற்றி வையுங்கள். உறையைக் கூடத்தில் மாட்டுங்கள், வருகிறவர்கள் பார்க்கட்டும்.