ஃபோம் மட்டும் புதுசு

எண்பதுகளில் வீட்டு ஸ்பீக்கர் கரகரத்தால் ரிச்சி தெருதான் கதி. மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சந்தில் பாய் உட்கார்ந்திருப்பார். பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் காகிதக் கோன்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார், அவ்வளவுதான். பெட்டி எந்த நாட்டுச் சரக்கு, சிங்கப்பூர் மாமா எத்தனை டாலர் கொடுத்தார் என்ற வரலாறெல்லாம் அவருக்கு வேண்டாம். கோனின் இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமுக்குவார். உள்ளே 'சர்ர்' என்று உரசினால் காயில் நகர்ந்திருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு கணம் தொடுவார். 'டப்' என்று கோன் முன்னால் வந்தால், "உசிர் இருக்கு தம்பி, நாளைக்கு வா."

டஸ்ட் கேப்பை பிளேடால் கீறி எடுப்பார். யாருடைய நெஞ்சோ பதிந்த எக்ஸ்ரே ஃபிலிமைப் பட்டை பட்டையாக நறுக்கி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே சொருகுவார். காயில் அசையாமல் நின்றதும் கோனை ஒட்டி, பசை காய்ந்தபின் ஃபிலிமை உருவிவிடுவார். காயில் கருகியிருந்தால் அவரே சுற்றுவார். "ஒரிஜினல் பார்ட்ஸா பாய்?" என்று கேட்டால் முறைப்பார். "பாட்டு வருதா இல்லியா?" பார்ட்ஸ் கிடைக்கவில்லை என்று அன்று யாரும் அங்கலாய்த்ததில்லை. பார்ட்ஸ் என்று ஒன்று இருந்தால்தானே கிடைக்காமல் போவதற்கு!

இன்று எல்லாமே கிடைக்கிறது, மாட்டத்தான் ஆளில்லை. அதே தெருவில் பெட்டியை இறக்கினால், "புளூடூத் ஒண்ணு வாங்கிடுங்க சார், வெயிட்டும் கம்மி" என்கிறார்கள்.

போவது என்னவோ பெரும்பாலும் ஒரே ஒரு சமாசாரம்தான். காந்தம் அப்படியே இருக்கிறது, மரப்பெட்டியும் கல்லு மாதிரி. கோனின் விளிம்பைச் சுற்றியுள்ள பாலியூரித்தேன் ஃபோம் வளையம்தான் ஈரக்காற்றும் வெயிலும் பட்டு, 15, 20 வருடத்தில் தொட்டால் உதிர்கிறது. மெட்ராஸ் காற்றுக்கு அந்தப் பொறுமையும் இல்லை. துணி விளிம்பு வைத்த பழைய ரேடியோக்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்க, ஃபோம் வைத்த நவநாகரிகப் பெட்டிகள் முதலில் வாயை மூடிக்கொண்டன.

புது வளையம் கடல் தாண்டி வருகிறது. அன்று "எட்டு இன்ச்" என்றால் போதும். இன்று ஃபிரேமின் உள்விட்டம், கோனின் வெளிவிட்டம், வளைவின் அகலம் என்று மில்லிமீட்டர் கணக்கில் ஜாதகம் கொடுக்க வேண்டும். அதற்குமேல் சுங்கத் தீர்வை.

கம்பெனிகளே கைவிரித்த கதையும் உண்டு. உலகத்து ரெக்கார்டிங் தியேட்டர்களில் எல்லாம் நின்ற யமஹா என்எஸ்-10, 1978-இல் வந்தது. அதன் வெள்ளைக் கோனுக்கான மரக்கூழ் கிடைக்கவில்லை என்று 2001-இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பாயிடம் கேட்டிருந்தால் ஒரு காகிதம் ஒட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் இன்றைய ரசிகர்கள் அந்தப் பாவத்தை மன்னிக்க மாட்டார்கள். கோன் மாற்றிய பெட்டிக்கு மதிப்பு குறைவு. அன்று ரிப்பேர் செய்தால்தான் விலை போகும், இன்று ரிப்பேர் செய்ததாலேயே விலை போகாது.

மாட்ட ஆளில்லாததால் என் பெட்டிக்கு நானே பிளேடு எடுத்தேன். எக்ஸ்ரே ஃபிலிமுக்குப் பதில் செல்போன். 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்தில் கோனை நிறுத்தி ஒட்ட வேண்டும். கிராஸ் ஓவரில் காய்ந்துபோன கெப்பாசிட்டரையும் மாற்றினேன். ட்வீட்டரைச் சோதிக்க 14,000 ஹெர்ட்ஸ் வைத்தால் ஒரே நிசப்தம். சால்டரிங் விட்டுப்போயிற்றா என்று பெட்டிக்குள் தலையை நுழைத்தேன். அடுத்த அறையிலிருந்து பேரன் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "ஐயோ, கத்துது தாத்தா, நிறுத்துங்க!"

அப்பாடா, ட்வீட்டர் நன்றாக இருக்கிறது.