எங்கள் மலைக்கும் சில கலகக்கார டாக்டர்களை மாற்றித் தாருங்கள்

அனுப்புநர்:
கல்வராயன் மலைக் குடிமகன் ஒருவன்
(வீட்டுக்குக் கதவு எண் உண்டு, கதவு வரை சாலை இல்லை),
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 9.

பொருள்: மக்கள் நல்வாழ்வு – கல்வராயன் மலை – அரசை எதிர்த்துப் பேசும் டாக்டர்கள், செவிலியர்கள் – எங்கள் பக்கம் இடமாற்றம் செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1999 முதல் 2025 வரை திறந்துவைக்கப்பட்ட பெயர்ப் பலகைகள்.

ஐயா,

தாங்கள் நலம் என நம்புகிறேன். நலம் இல்லையென்றாலும் பாதகமில்லை; ஓமந்தூரார் தோட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம். புதிய தலைமைச் செயலகமாகக் கட்டிய கட்டடம், ஆட்சி மாறிய புண்ணியத்தில் ஆஸ்பத்திரியானது. அடுத்த புதுச் செயலகத்தை எங்கள் மலையிலுள்ள வெள்ளிமலையில் கட்டும்படி முதலில் கேட்டுக்கொள்கிறேன். அதற்கடுத்த ஆட்சியில் எங்களுக்கும் ஒரு பல்நோக்கு மருத்துவமனை கிடைத்துவிடும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்காக இந்த மனு.

2019 அக்டோபர் 25-ஆம் தேதி அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது நான்கு. 2009-ல் வந்த அரசாணை 354-இன்படி உரிய காலத்தில் ஊதிய உயர்வு. நோயாளிகள் எண்ணிக்கைக்கு ஏற்ற பணியிடங்கள். பட்டமேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கு 50 விழுக்காடு இடம். படிப்பு முடித்தவர்களுக்குக் கலந்தாய்வு வைத்துப் பணியிடம். நவம்பர் முதல் தேதி வேலைக்குத் திரும்பினார்கள். முன்னால் நின்றவர்களுக்கு 17 பி குற்றக் குறிப்பாணை வந்தது. தூர தூரத்து ஊர்களுக்கு இடமாற்ற உத்தரவும் வந்தது. 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. போராட்டத்தை முன்நின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் அதே மாதத்தில் இறந்துபோனார்.

அதற்கு முன்பு, 2017 நவம்பரில், செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தரம் செய்யுங்கள் என்றார்கள். ஆட்சி மாறிய பிறகும் அதே கோரிக்கையோடு தெருவுக்கு வந்தார்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது நியாயமாகத் தெரிகிற கோரிக்கை, கோட்டைக்குள் போனதும் நிதிச்சுமையாகிவிடுகிறது.

இவர்களின் வழக்கைப் பேச நான் வரவில்லை. எனக்குச் சுயநலம். எதிர்த்துப் பேசினால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்பது அரசு அலுவலகங்களில் வழிவழியாக வரும் மிரட்டல். எங்கள் காட்டில்தான் தண்ணீர் இருக்கிறதே! மேகம் அருவி, பெரியார் அருவி, கீழே கோமுகி அணை. இந்த ஒரு குறையால்தான் எங்களைத் தண்டனைப் பட்டியலில் சேர்க்கவில்லையோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. சாலை, செல்போன் சிக்னல் ஆகிய மற்ற தகுதிகளில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல. தண்ணீரை மட்டும் பொருட்படுத்தாமல் விதியைத் தளர்த்தி, கலகக்காரர்களை எங்களிடம் அனுப்பி வையுங்கள். ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பத்து டாக்டர் என்று வைத்தாலும், நாட்டில் அதிருப்தி பெருகப் பெருக எங்கள் மலை செழிக்கும்.

மலையில் ஆரம்ப சுகாதார நிலையமே இல்லை என்று பழி போடமாட்டேன். உண்டு. டாக்டரும் வருகிறார். மலைப்பகுதியில் வேலை பார்த்தால் பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஊக்க மதிப்பெண், அதிகபட்சம் 30 விழுக்காடு. நல்ல ஏற்பாடு. மூன்று வருஷம் மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்து மதிப்பெண் சேர்த்து, மகப்பேறோ மயக்கவியலோ படிக்கப் போகிறார். படித்து முடித்துத் திரும்ப வர நினைத்தாலும் முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொதுவாக அந்த நிபுணருக்குப் பணியிடமே கிடையாது. ஆகவே நாங்கள் ஆஸ்பத்திரி நடத்தவில்லை, டியூஷன் சென்டர் நடத்துகிறோம். மாணவர் தேறிவிடுகிறார். பிரசவ வலி எடுத்தவள்தான் கீழே இறங்க வேண்டியிருக்கிறது.

இறங்குவது எப்படி என்று தங்கள் கோப்பில் இருக்காது, சொல்கிறேன். 108-க்குப் போன் போட முதலில் சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஒருவன் ஓட வேண்டும். வண்டி தார்ச்சாலை முடிகிற இடத்தில் வந்து நிற்கும். அதற்கு மேல் அது வனத்துறை நிலம். சாலை போட அனுமதி வேண்டும். நீளமான மூங்கில் கழியில் கம்பளியை இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு டோலி கட்டுவார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோள் மாற்ற நான்கு பேர். ராத்திரி என்றால் செல்போன் வெளிச்சம். இறக்கத்தில் முன்னால் போகிறவன் குட்டையாக இருந்தால் பின்னால் இருப்பவன் குனிந்தே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே படுத்திருப்பவள் தலைப்பக்கமாகச் சரிந்துவிடுவாள். எட்டுப் பேர் கிடைக்காத ஊரில், ஆண்கள் கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போயிருக்கும் மாதங்களில், நோய் காத்திருக்கத்தான் வேண்டும்.

அதற்காகத் துறை சும்மா இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. சீர்திருத்தம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018-ல் பிரதமரின் திட்டத்தோடு இணைந்து பெயர் இன்னும் நீண்டது. 1999-ல் வருமுன் காப்போம். 2021-ல் கலைஞரின் வருமுன் காப்போம். 2020 டிசம்பரில் 2,000 அம்மா மினி கிளினிக். 2022 ஜனவரியில் அவை மூடல். 2023-ல் தில்லி தன் பங்குக்கு நலவாழ்வு மையங்களின் வாசலில் ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று எழுதச் சொன்னது. 2025 ஆகஸ்டில் நலம் காக்கும் ஸ்டாலின். திட்டங்கள் கெட்டவை என்று நான் சொல்லவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்துக்கு 2024-ல் ஐ.நா. விருதே கிடைத்தது, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருவது நல்ல காரியம். ஆனால் ஊரில் நடக்கும் சண்டை, மாத்திரை வந்ததா என்பதைப் பற்றி அல்ல, பையில் யார் படம் என்பதைப் பற்றித்தான்.

அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று அரசுத் திட்டத்துக்குப் பெயர் வைக்கலாமா என்ற வழக்கு. வைக்கலாம் என்றது நீதிமன்றம். எதிர்த்து வழக்குப் போட்ட அ.தி.மு.க. எம்.பி. சி.வி. சண்முகத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். ஒரு பெயரின் விலை 10 லட்சம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் சாராயம் குடித்துச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் அரசு கொடுத்ததும் அதே 10 லட்சம்தான்.

கருணாபுரத்தைச் சொல்லாமல் இந்த மனு முடியாது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2022 ஜனவரியில் பிரதமர் ஒரே நாளில் திறந்துவைத்த 11 மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று இதே கள்ளக்குறிச்சியில் இருக்கிறது. ஆனாலும் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் ஆம்புலன்ஸ்கள் பறந்தன. முதலில் மாவட்ட நிர்வாகம் சாராயச் சாவு இல்லை என்றது. வயிற்றுப்போக்கு, வலிப்பு, முதுமை என்று காரணம் சொன்னது. பிறகு விவாதம் மருத்துவத் தரத்துக்கு உயர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவர் பழனிசாமி, மெத்தனால் முறிமருந்தான ஃபோமெபிசோல் இல்லை என்றார். அமைச்சர் மா. சுப்பிரமணியன், ஓமெப்ரசோல் கோடிக்கணக்கில் இருப்பு உள்ளது என்றார். பின்னது நெஞ்செரிச்சல் மருந்து. அந்த வாரம் மாவட்டமே நெஞ்செரிந்து கிடந்ததால், இருப்பு போதுமா என்றுகூட எனக்குக் கவலையாக இருந்தது. கறுப்புச் சட்டையில் வந்து கேள்வி கேட்ட அ.தி.மு.க. உறுப்பினர்கள் சட்டப்பேரவையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பிறகு கூட்டத்தொடர் முழுவதும் இடைநீக்கம். எதிர்ப்பு என்ற நோய்க்கு நம் அரசுகளிடம் எந்தக் காலத்திலும் இருப்பில் இருப்பது ஒரே மருந்து: வெளியே அனுப்புவது. டாக்டர் என்றால் ஊரைவிட்டு, எம்.எல்.ஏ. என்றால் அவையைவிட்டு.

மெத்தனால் எங்கள் மலையில் விளைவதில்லை. விளைவது சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய். ஆனாலும் சாராய வேட்டைக்குப் போலீஸ் எங்கள் மலைக்குத்தான் ஏறியது. ஆம்புலன்ஸ் ஏறாத பாதையில் ஊறலை உடைக்க ஆள் ஏற முடியும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம். அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு எங்கள் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. முதல்வரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கட்டும் என்றது. எங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லவே அறுபது பேர் சாக வேண்டியிருந்தது. அவர்களும் மலையில் சாகவில்லை, கீழே செத்தார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

ஒன்று. இனி எதிர்க்கும் டாக்டர்களை மலைக்கு மாற்றும்போது மகப்பேறு, மயக்கவியல், குழந்தை நல நிபுணர்களாகப் பார்த்து மாற்றவும். தண்டனை கடுமையாக இருக்க, அவர்களுக்குப் பணியிடமும் அறுவை அரங்கும் குடியிருப்பும் மலையிலேயே உருவாக்கவும்.

இரண்டு. எந்தத் தலைவர் பெயரையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பலகையில் பெயருக்குக் கீழே இரண்டு வரி மட்டும் சேர்க்கவும்: இன்று பணியில் இருக்கும் டாக்டர் யார், காலிப் பணியிடம் எத்தனை.

மூன்று. வேலைநிறுத்தம் செய்தவர்களின் பழைய கோரிக்கை மனுவைத் தேடி எடுத்து இன்னொரு முறை படிக்கவும்.

மூன்றாவதை மட்டும் பகடியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளிக்கு ஏற்ற பணியிடம், கலந்தாய்வு வைத்து நியமனம், அரசு டாக்டருக்கு மேற்படிப்பு இடம், செவிலியருக்கு நிரந்தர வேலை. இதில் எது எங்கள் கோரிக்கை இல்லை? அவர்கள் தங்களுக்காகக் கேட்டதாகத் தாங்கள் நினைத்தீர்கள். டோலியின் இரண்டு முனையையும் தூக்குகிறவர்கள் கேட்பதும் அதையேதான். எதிர்த்தவர்கள் துறையின் எதிரிகள் அல்லர். துறை எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று உள்ளே இருந்து சொன்னவர்கள்.

மலைப்பணி தண்டனையாக இருக்கும் வரை, மலையில் பிறந்தவனும் தண்டனைக் கைதிதான். அந்தப் பணிக்குக் கூடுதல் ஊதியமும் வீடும் பதவி உயர்வில் முன்னுரிமையும் கொடுத்து, அதை விரும்பிக் கேட்டு வாங்கும் வேலையாக மாற்றுங்கள். வனத்துறையோடு உட்கார்ந்து பேசி, ஆம்புலன்ஸ் வருகிற அகலத்துக்கு ஒரு சாலை வாங்கித் தாருங்கள். அந்தச் சாலைக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள். நாங்கள் வழக்குப் போடமாட்டோம்.

இப்படிக்கு,
கல்வராயன் மலைக் குடிமகன்.

நகல்: ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும். யார் எது என்பதைத் தேர்தல்தோறும் மாற்றி வாசித்துக்கொள்ளவும், கோரிக்கைகள் மாறவில்லை.